நல்ல தண்ணீர் எங்கே கெடுகிறது?

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “கேன் தண்ணி நல்லதா, இல்ல ஆர்ஓ போட்டுடலாமா?” குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் நடுத்தரக் குடும்பங்களுக்கு அப்படியொரு வழி இருப்பதே மறந்துபோய்விட்டது. கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைக்கிறார்கள். யார் வீட்டுக்காவது போய்த் தண்ணீர் கேட்டால், “கேன் தண்ணிதான், தைரியமா குடிங்க” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால், தரைக்கடியில் அதைத் தேக்கும் சம்ப்பையும் மேல்தொட்டியையும் சுத்தமாக வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் காய்ச்சியோ எளிய ஃபில்டரில் வடிகட்டியோ குடியுங்கள். அதைவிட கேன் உயர்ந்தது என்று சொல்ல நான் பார்த்த எதிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆர்ஓ, அதாவது நுண்ணிய சவ்வால் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மெஷின், கட்டாயம் வேண்டிய வீடுகள் உண்டு. ஆனால் அது உங்கள் வீடுதானா என்பதைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, விற்க வருகிறவரின் பேச்சைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

சரி, தண்ணீர் வரும் வழியைப் பார்ப்போம். கீழ்ப்பாக்கம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1914-இலிருந்து இயங்குகிறது. புழல், செம்பரம்பாக்கம், வீராணம் தண்ணீருக்கான வடக்குத்து நிலையங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. செம்பரம்பாக்கம் நிலையம் மட்டுமே ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடியது. ஏரித் தண்ணீரில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் திரட்டிப் படியவைப்பார்கள், மணல் படுகையில் வடிகட்டுவார்கள், கடைசியில் குளோரின் கலந்து அனுப்புவார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நூறு வருடமாக உலகம் முழுக்க நடக்கிற, காலராவையும் டைஃபாய்டையும் ஊர் ஊராக விரட்டிய முறைதான். நிலையத்தை விட்டுப் புறப்படும்போது அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகத்தான் இருக்கிறது.

சிக்கல் அதற்கு அப்புறம் ஆரம்பமாகிறது. நம் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. விட்டு விட்டுத்தான் வரும். தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அடுத்தடுத்துப் போகின்றன. எங்காவது ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால், அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் இல்லாதபோது வெளியில் இருப்பது உள்ளே போகும். போதாததற்கு, தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உறிஞ்சுவது தண்ணீரை மட்டும் இல்லை. அந்தத் தெருவின் அழுக்கையும் சேர்த்துத்தான். மோட்டார் ஓடும் வீட்டுக்கும் பாதகம், பக்கத்து வீட்டுக்கும் பாதகம். இது சட்டப்படி தப்பு என்பது எல்லாருக்கும் தெரியும், அப்படியும் நடக்கிறது.

இந்த வழித்துணைக்குத்தான் தண்ணீரில் கொஞ்சம் குளோரினை மிச்சம் விடுகிறார்கள். வீட்டுக் குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 சொல்லும் அளவு. ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடொலிடின் சில துளிகள் விட்டால் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். நிறமே வராவிட்டால் வழியில் ஏதோ ஒன்று அந்தக் குளோரினைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். குழாயில் லேசாக மருந்து வாசனை அடிக்கிறதே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் நிம்மதியாக இருக்கும். பாத்திரத்தில் பிடித்துச் சற்று நேரம் திறந்து வைத்தால் வாசனை போய்விடும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்பதே ஒரு வேலை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்திக் குழாயின் வாயைத் தீயில் காட்டுவோம். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரைத் திறந்து விடுவோம். கிருமி நீக்கிய பாட்டிலில் அப்புறம்தான் பிடிப்போம். பாட்டிலுக்குள் முன்பே சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு போட்டிருக்கும். அது குளோரினை அந்த நிமிடமே முறித்துவிடும். இல்லையென்றால் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் குளோரின் தன் வேலையைச் செய்து, குழாயில் இருந்த நிஜ நிலவரத்தை மறைத்துவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, கிருமி வளரும் கரைசலில் கலந்து 37 டிகிரி சூட்டில் வைப்போம். ஒவ்வொரு சோதனைக் குழாய்க்குள்ளும் விரல் நுனி அளவு குட்டிக் குழாய் ஒன்று தலைகீழாக நிற்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அதன் உச்சியில், கிருமி விட்ட வாயு ஒரு குமிழியாக நின்றால், கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இருக்கலாம் என்று அடுத்த சோதனைக்குப் போவோம். குடிநீரில் 100 மில்லிக்கு, மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சகிப்புக்கே இடம் இல்லாத அளவு அது.

ஒரே குடியிருப்பில் மூன்று இடங்களில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது: தெருவிலிருந்து வரும் இணைப்பு, சம்ப், அடுக்களைக் குழாய். தெரு இணைப்பில் தேறிய தண்ணீர் சம்ப்பில் தோற்பதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். மூடி சரியாகப் பொருந்தாத சம்ப், வாகனம் கழுவிய தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கும் சம்ப், செப்டிக் டேங்குக்கு எட்டு அடியில் இருக்கும் சம்ப். மெட்ரோ தண்ணீரையும் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டு, “மெட்ரோ வாட்டர் சரியில்லை” என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். மேல்தொட்டி மூடி காற்றில் பறந்து போய், அதற்குப் பதில் ஒரு தகரத்தையும் செங்கல்லையும் வைத்திருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் விரல் கனத்துக்குச் சேறு இருக்கும். புறா இறகும் மிதக்கும். இவ்வளவையும் விட்டுவிட்டு அடுக்களையில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மெஷின் மாட்டுவார்கள்.

கேன் இந்தத் தொல்லையெல்லாம் இல்லாதது என்றுதான் ஜனங்கள் நம்புகிறார்கள். கேனுக்கும் ஒரு பயணம் இருக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்து, ஆர்ஓ செய்து, புற ஊதா ஒளி காட்டி, ஓசோன் செலுத்தி 20 லிட்டர் கேனில் நிரப்புகிறார்கள். நன்றாக நடத்தும் ஆலையில் நிரப்பி முடித்த நிமிடத்தில் அந்தத் தண்ணீர் சுத்தம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கேன் புதியது இல்லை. நமக்கு முன்னால் எத்தனையோ வீடுகளில் இருந்துவிட்டு வந்தது. யார் வீட்டில் அதில் என்ன ஊற்றி வைத்தார்களோ தெரியாது. சில கேன்களைக் கவிழ்த்து அடிப்பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் உள்வளைவில் பச்சை படிந்திருப்பது தெரியும். திறந்த வண்டியில் மே மாத வெயிலில் ஊர் சுற்றிவிட்டு, கடை வாசலில் நாள் கணக்கில் நிற்கிறது. ஓசோன் சீக்கிரமே சிதைந்து போய்விடும். குளோரின் மாதிரி அது தண்ணீருக்குக் காவலாகத் தங்காது. சீலை உடைத்து டிஸ்பென்சரில் கவிழ்த்த பிறகு அந்தத் தண்ணீருக்குத் துணை எதுவும் இல்லை. டிஸ்பென்சரையோ கேட்டால், வாங்கியதிலிருந்து கழுவியதே இல்லை என்பார்கள். அலுவலகங்களில் கேட்கவே வேண்டாம். அந்தச் சின்னக் குழாயின் உட்புறத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்துப் பாருங்கள். வழவழப்பாக ஒரு படலம் வரும். அது முழுக்கக் கிருமிக் கூட்டம்.

தரக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பாட்டிலிலும் கேனிலும் வரும் பெரும்பாலான தண்ணீருக்கு ஐஎஸ் 14543 என்ற தரம். ஊற்றிலிருந்து இயற்கையாக எடுக்கும் மினரல் வாட்டருக்கு ஐஎஸ் 13428. நாம் மினரல் வாட்டர் என்று சொல்லி வாங்குவது ஏறக்குறைய எல்லாமே முதல் வகைதான். 2001 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் கடைசியில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை ஆபத்து அதிகமுள்ள உணவுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு, வெளியாள் தணிக்கை என்று விதித்தது. பாலும் இறைச்சியும் இருக்கும் வரிசையில் தண்ணீரை வைக்க வேண்டிவந்தது சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். கெட்டுப்போகக்கூடிய பண்டம் அது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

பெரிய பெயர்களும் தப்பியதில்லை. 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லி, மும்பை பகுதிகளில் விற்ற பாட்டில்களில் லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இருப்பதை வெளியிட்டது. அந்த பாட்டில்களுக்கான நிலத்தடி நீர் விவசாயப் பகுதிகளிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் பூச்சிக்கொல்லிக்கான வரம்பு கடுமையானது. 2004-இல் இங்கிலாந்தில் கோகோ கோலா, தாசானி என்ற பெயரில் பாட்டில் தண்ணீரை இறக்கியது. சிட்கப் என்ற இடத்தில் குழாய்த் தண்ணீரைத்தான் சுத்திகரித்து அடைத்தார்கள். சுவைக்காகச் சேர்த்த கால்சியம் உப்பில் புரோமைடு இருந்தது. ஓசோன் பட்டதும் அது புரோமேட் என்ற தீங்கான பொருளாக மாறி, அனுமதித்த அளவைத் தாண்டியது. ஐந்து லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். நல்லபடி இருந்த குழாய்த் தண்ணீர், சுத்திகரித்ததாலேயே கெட்டது என்பதால் இந்தச் சம்பவத்தை நான் எல்லாரிடமும் சொல்வேன்.

அப்புறம் பிளாஸ்டிக். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாகக் கண்டார்கள். அதில் 90 சதவீதம் கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் சிக்காத நானோ துகள்கள். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைவிட பாலிஅமைடு (நைலான் வகை) துகள் அதிகம் இருந்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளாஸ்டிக் வடிகட்டிகளிலிருந்தே அது வந்திருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இவை உடம்புக்குள் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. பயமுறுத்துவதற்காக நான் சொல்லவில்லை. பாட்டிலில் அடைத்தால் சுத்தம் என்ற நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

இனி ஆர்ஓ. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, காரணத்தைச் சொல்கிறேன்.

பக்கத்து ஃப்ளாட் அக்கா ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். டை கட்டிய இளைஞர் ஒருவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். டீபாயில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து நான்கு உலோகக் கம்பிகள் தொங்கின. அவற்றை டம்ளர்களில் இறக்கி, பெட்டியின் ஒயரைப் பிளக்கில் செருகினார். ஒரு நிமிடத்துக்குள் குழாய்த் தண்ணீர் நுரைத்து, பச்சையாகி, பழுப்பாகி, மேலே கழிவு மாதிரி ஒரு படை திரண்டது. ஆர்ஓ டம்ளர் தெளிவாக அப்படியே இருந்தது. “இதைத்தாம்மா நீங்க தினமும் குடிக்கிறீங்க, குழந்தைங்களும் குடிக்குது” என்றார். அக்கா முகம் வெளிறிவிட்டது.

நான் அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை கல்லுப்பு எடுத்து வந்தேன். “தம்பி, உங்க தண்ணியில இதைப் போட்டுக் கலக்கிட்டு இன்னொரு தடவை பிளக்கைப் போடுங்க” என்றேன். அவர் தயங்கினார். அக்காவே உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டார். இந்த முறை ஆர்ஓ டம்ளர் முன்னதைவிட வேகமாகப் பழுப்பானது. நடப்பது இதுதான்: ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். டம்ளரில் மிதந்தது அந்தக் கம்பியின் துரு. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பி கரையாது. தண்ணீரில் முன்பே இருந்த அழுக்கை அது காட்டவில்லை. அந்தக் கருவியே அழுக்கை உண்டாக்கியது. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தாய்மாரைப் பயமுறுத்தி விற்பது அநியாயம், அதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

டிடிஎஸ் மீட்டரும் இதே ரகம். பேனா மாதிரி இருக்கும் அதைத் தண்ணீரில் முக்கினால் ஒரு எண் வரும். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மின்கடத்தலை வைத்துக் கணக்கிட்ட எண் அது. கிருமி அதற்குத் தெரியாது. பூச்சிக்கொல்லி தெரியாது. ஈ.கோலை நிறைந்த மழைத்தண்ணீரில் வைத்தால் 30 என்று காட்டும். இளநீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். ஐஎஸ் 10500 சொல்வது: டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாக ஏற்கலாம், வேறு வழி இல்லாத ஊரில் 2000 வரை அனுமதி. மெட்ரோ தண்ணீர் நான் பார்த்தவரை பெரும்பாலும் 500-க்குள்தான் இருக்கும். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் வீட்டு ஆர்ஓவைத் தடை செய்ய விதி கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடுகிறதே, தண்ணீர்ப் பஞ்சம் உள்ள நாட்டில் இது தகுமா என்பதும் அந்த வழக்கில் முக்கியக் கேள்வியாக இருந்தது.

ஆர்ஓ என்ற தொழில்நுட்பத்தின் மீது எனக்குக் குறையே இல்லை. மரியாதைதான் உண்டு. 1960-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியரும் சேர்ந்துதான் நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வை உருவாக்கினார்கள்.  1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில், வாயில் வைக்க முடியாத உப்பு நிலத்தடி நீரைக் குடிநீராக்க அதை முதலில் ஊர் அளவில் பயன்படுத்தினார்கள். அதுதான் அதன் சரியான இடம். உப்புத் தண்ணீர் இருந்தால் ஆர்ஓ. சென்னையிலும் மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளுக்குத் தலா பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவில் கடல்நீரை ஆர்ஓ செய்து குழாயில் விடத் தொடங்கினார்கள். தென்சென்னையில் அந்தத் தண்ணீர் வரும் வீடுகளிலும் அடுக்களையில் ஒரு ஆர்ஓ ஓடுகிறது. அரசு ஒரு தடவை உப்பை எடுத்த தண்ணீரில், நாம் மறுபடி உப்பை எடுத்து, பாதிக்கு மேல் சாக்கடையில் விடுகிறோம். இதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்ஓவுக்குள் கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். சவ்வு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிடும். மிஞ்சுவது காவலும் இல்லாத, தாதுவும் இல்லாத தண்ணீர். அதை மெஷினின் பிளாஸ்டிக் தொட்டியில் நாள் கணக்கில் தேக்கி வைக்கிறோம். சர்வீஸ் தள்ளிப்போன மெஷினின் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் குமிழி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாதுக்களை முழுக்க நீக்கிய தண்ணீரையே தொடர்ந்து குடிப்பது நல்லதில்லை என்று உலக சுகாதார நிறுவன வெளியீடுகளே எச்சரித்திருக்கின்றன.

ஆர்ஓ யாருக்கு வேண்டும்? மெட்ரோ இணைப்பே இல்லாமல் போர் தண்ணீரை நம்பியிருக்கும் புறநகர் வீடுகளுக்கு. கடலோரத்தில் உப்பு ஏறிய கிணறு உள்ளவர்களுக்கு. ராணிப்பேட்டை மாதிரி தோல் தொழிலும் குரோமியக் கழிவும் நிலத்தடி நீரைப் பாழாக்கிய ஊர்களுக்கு. புளோரைடு உள்ள ஊர்களுக்கும் வேண்டும்தான். ஆனால் அங்கே இன்னும் நல்ல தீர்வு ஒன்று நடந்து காட்டியிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் பளிங்கு போல இருக்கும், குடித்தால் சுவையாகவும் இருக்கும். ஆனால் அதில் புளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. வயதானவர்களுக்கு முதுகும் மூட்டும் வளைந்து இறுகிப்போகும். காய்ச்சினால் புளோரைடு போகாது. கேன் வாங்கக் கூலிக்காரர்களால் முடியாது. ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் குழாயில் அங்கே போனது. ஒரு முழு வட்டாரத்தின் எலும்பைக் காப்பாற்றுகிற காரியத்தைக் குழாயால்தான் செய்ய முடியும். எந்த பாட்டில் கம்பெனியாலும் முடியாது.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் செலவு சம்ப்புக்கும் தொட்டிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு, அலசி நிரப்புங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரை மற்றதோடு கலக்காமல் தனித் தொட்டியில் வைக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு மேல் காய்ச்சுவது நம் பாட்டி காலத்து வழி, இன்றைக்கும் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பத்து நிமிடம் கேஸை எரிக்க வேண்டாம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்ச நேரம் இல்லாதவர்கள் மின்சாரம் வேண்டாத, நுண்துளைகளால் கிருமியைத் தடுக்கும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வடிகட்டியோ, தண்ணீர் கலங்கல் இல்லாமல் இருந்தால் புற ஊதா ஒளி காட்டும் யுவி ஃபில்டரோ வாங்கலாம். யுவி விளக்கை வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எரிவதைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஒளி இருந்தாலும் வீரியம் குறைந்திருக்கும். பழைய எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் கலங்கலை எடுக்கும், கிருமி எல்லாவற்றையும் எடுக்காது. அதில் வடிகட்டிய பின் காய்ச்சுங்கள். பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைக்கும் வழக்கமும் அப்படித்தான். தண்ணீர் கண்ணுக்குத் தெளியும், கிருமி சாகாது.

சந்தேகம் இருந்தால் ஹெச்2எஸ் குப்பி வாங்கிப் பாருங்கள். 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் கிராமங்களுக்காக வடிவமைத்த எளிய சோதனை இது. குப்பிக்குள் மருந்து தோய்ந்த காகிதம் இருக்கும். குறித்த அளவு தண்ணீரை ஊற்றி மூடி, அறைச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகிவிடும். படிப்பறிவு இல்லாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கேன் தண்ணீர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் குப்பி கறுக்கிறது என்று தெரிந்தால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பாட்டில் வாங்க வேண்டிய நேரமும் உண்டு, மறுக்கவில்லை. ரயிலில், பஸ்ஸில், தெரியாத ஊரில் ஓட்டல் ஜக்கை நம்புவதைவிட சீல் உள்ள பாட்டில் மேல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைமட்ட சம்ப்புகள் சாக்கடையில் மூழ்கிக் கிடந்தன. அந்த நாட்களில் வந்த பாட்டில்களும் கேன்களும் உயிர் காத்தவை. வெள்ளம் வடிந்ததும் சம்ப்பை மருந்து போட்டுக் கழுவாமல் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது.

ஆனால் அன்றாடத்துக்குக் கேனை நம்புவதில் எனக்கு உறுத்துவது வேறு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்ததே, அந்த வருடமும் கேன் வந்துகொண்டுதான் இருந்தது. விலை ஏறியது, தட்டுப்பாடும் இருந்தது, ஆனாலும் வந்தது. அது எங்கிருந்து வந்தது? புறநகர்க் கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து. நிலத்தடி நீர் எடுக்க உரிமம் இல்லாமல் நடந்த ஆலைகளுக்கு 2020-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தார்கள். அத்தனை நாள் அந்த ஊர்க்காரர்களின் கிணறு இறங்கிக்கொண்டே போனதை நாம் விசாரிக்கவில்லை. நாற்பது ரூபாய் கொடுத்தோம், வாசலில் கேன் இறங்கியது, கதவை மூடிக்கொண்டோம்.

நகரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த, புகார் கொடுக்கத் தெரிந்த வீடுகள் எல்லாம் கேனுக்குப் போய்விட்டன. தெருக்குழாயில் கலங்கலாக வந்தால் இப்போது யார் சத்தம் போடுவது? குடிசைப் பகுதியில் அடிபம்ப்பில் அடித்துக் குடத்தில் பிடிக்கிறவர்கள் மட்டும்தான். அவர்கள் போடும் சத்தம் அலுவலகம் வரை போய்ச் சேர்வதில்லை. மாத வருமானத்தில் கேனுக்கென்று அறுநூறு எழுநூறு ஒதுக்க அவர்களால் முடியாது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் வருகிறது.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஒடிசாவின் பூரி நகரத்தில் 2021 ஜூலையிலிருந்து எந்தக் குழாயைத் திறந்தும் அப்படியே குடிக்கலாம் என்ற திட்டம் நடக்கிறது. 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடுவதால் வெளியிலிருந்து அழுக்கு உள்ளே போக வழி இல்லை. வீட்டில் தேக்கி வைக்கத் தேவை இல்லாததால் சம்ப்பும் தொட்டியும் கெடுக்க வாய்ப்பில்லை. லட்சக்கணக்கில் பக்தர்கள் வந்து போகிற ஊர் அது.

சென்னை முழுக்க அது ஒரே நாளில் வந்துவிடாது என்பது தெரியும். அதற்கு முன்னால் கேட்கக்கூடிய சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் அன்றைய குளோரின் அளவு என்ன, ஈ.கோலை சோதனை முடிவு என்ன என்பதைப் பகுதி அலுவலக வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லலாம். சோதனை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், எடுத்த எண்களும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை வெளியே எழுத ஒரு சாக்பீஸ் போதும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் இதை மனுவாக எழுதி, தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பகுதியில் கொடுக்க விரும்புகிறவர்கள் அதே மனுவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தெருப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.